எவருடைய இழப்பு? புதிய பொறிகளும் வணிக நிறுவனங்களின் காவற் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1

புதியதொரு பொறி தொழிற்சாலையினுள்ளோ அலுவலகத்தினுள்ளோ புகும்போது அதனோடு இரண்டு உடன் புகுகின்றன. ஒன்று, அப்பொறி ஈட்டித்தரும் இலாபம். மற்றையது, அப்பொறி பிழைக்குமிடத்து நேரும் இழப்பு. இலாபம் எவரைச் சேரும் என்பது பெரும்பாலும் பொறி வாங்கப்படுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. இழப்பு எவரைச் சேரும் என்னும் வினாவோ, விபத்து நிகழ்ந்த பின்னரே விவாதத்துக்கு வருகின்றது. அவ்விவாதம் நிகழும் இடங்களும் வேறு: நீதிமன்றம், விசாரணைக்குழு, சிலவேளை மரண விசாரணை மண்டபம்.

அண்மைக்கால முகாமைத்துவ நூல்கள் பாதுகாப்புத் தலைமை பற்றியும், புதிய தொழினுட்பத்தைப் பொறுப்புணர்வுடன் ஏற்றல் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை இவற்றைத் தலைவரின் குணவியல்பாகவே காண்கின்றன. தொலைநோக்கும் துணிவும் உடையவர் தலைமை வகிப்பின் நிறுவனம் காக்கப்படும் என்பது அவற்றின் சாரம். தனிமனிதரின் ஆற்றலை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயின், கடந்த இரு நூற்றாண்டுகளின் அனுபவத்தை நோக்குமிடத்து, ஒரு நிறுவனம் எதனைக் காத்தது, எதனைக் காவாது விட்டது என்பதை முதன்மையாகத் தீர்மானித்தது, இழப்பு எவர்மேல் விழுந்தது என்னும் பொருளியல் உண்மையே எனக் கொள்ளத் தோன்றுகின்றது. அவ்வாறாயின், காவற் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும்போது பொறியை நிறுத்தும் அதிகாரமும் அவரிடம் கொடுக்கப்பட்டதா என்பது அடுத்து எழும் வினாவாகும். இவ்விரு வினாக்களையும் நீராவிக் கொதிகலன், கணினி ஆகிய இரு பொறிகளின் வரலாற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு ஒரு சொல் விளக்கம் அவசியமாகின்றது. விபத்திலிருந்து காத்தலுக்கும் பகைவரிடமிருந்து காத்தலுக்கும் ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள. தமிழில் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரு சொல்லே இரண்டையும் தழுவி நிற்கின்றது. இதனைச் சொல்வளக் குறைபாடு எனக் கருதுவாருமுளர். எமது ஆய்வுக்கு இவ்விரிந்த பொருளே உகந்தது. கொதிகலன் வெடிப்பும் கணினிக் களவும் காரணத்தால் வேறுபடினும், அவற்றுக்கு எவர் பொறுப்பாளர் என்னும் வினா ஒன்றேயாகும்.

2

ஜேம்ஸ் வாட் தமது நீராவிப் பொறியைத் தாழ்ந்த அழுத்தத்திலேயே இயக்கினார். உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்பது அவரது உறுதியான கருத்து. 1800 ஆம் ஆண்டில் அவரது காப்புரிமை முடிவுற்றதும், கோர்ன்வால் பகுதியைச் சேர்ந்த றிச்சார்ட் திரெவிதிக் போன்றோர் உயர் அழுத்தப் பொறிகளைப் பரவலாக அமைக்கத் தொடங்கினர். சிறிய பொறி, குறைந்த எரிபொருள், கூடிய வலு என்பன சுரங்க உரிமையாளரையும் ஆலை உரிமையாளரையும் கவர்ந்தன.

1803 ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த கிறீனிச்சில் திரெவிதிக் அமைத்த பொறியொன்றின் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டனர். கொதிகலனைக் கவனிக்க நிறுத்தப்பட்டிருந்த சிறுவன் விலாங்குமீன் பிடிக்கச் சென்றிருந்தான் என்பதும், மேலதிக நீராவியை வெளியேற்றவேண்டிய காப்பு வால்வு திறவாத நிலையில் விடப்பட்டிருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. வாட்டின் அணியினர் இந்நிகழ்ச்சியை உயர் அழுத்த முறைக்கு எதிரான சான்றாகக் காட்டினர்.

சிறுவனின் கவனயீனம் உண்மையே. ஆயினும், நால்வரின் உயிரைத் தாங்கிநின்ற ஒரே தடுப்பைச் சிறுவன் ஒருவனின் கவனத்தில் தொங்கவிட்டவர் எவர் என்னும் வினா அதனோடு தீர்ந்துவிடவில்லை. திரெவிதிக்கின் பெருமை, அவர் சிறுவனைக் குறைகூறுவதோடு அமையாமையே. பின்னர் அமைத்த கொதிகலன்களில் இரண்டு காப்பு வால்வுகளைப் பொருத்தினார். நீர் வற்றி வெப்பம் மிகும்போது தானாகவே உருகி நீராவியை வெளிவிடும் ஈயச் செருகியையும் சேர்த்தார். ஒருவன் தவறினும் பொறி தவறாதிருக்க வேண்டும் என்னும் கொள்கையின் தொடக்கத்தை இங்கு காணலாம். தவறியவனைச் சுட்டிக்காட்டுவதோடு நிறைவடையும் போக்கும், தவறுக்கு இடமளித்த அமைப்பைத் திருத்தும் போக்கும் அன்றுமுதல் இன்றுவரை அருகருகே இயங்கி வந்துள்ளன.

3

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்காஷயர்ப் பருத்தியாலைகளே உலகக் கைத்தொழிலின் இதயமாக விளங்கின. எமது வினாவுக்கு மிகத் தெளிவான விடையை அவ்வாலைகளின் வரலாறே தருகின்றது.

1854 ஆம் ஆண்டில், பொறியியலாளர் வில்லியம் பெயர்பெயனின் முயற்சியால், கொதிகலன் வெடிப்பைத் தடுப்பதற்கான சங்கமொன்று மான்செஸ்டரில் நிறுவப்பட்டது. இதன் உறுப்பினர் ஆலை உரிமையாளர்களே. சங்கம் தன் செலவிற் பரிசோதகர்களை நியமித்து உறுப்பினரின் கொதிகலன்களைக் காலந்தோறும் சோதித்தது. வெடிப்பு இறைவன் செயலுமன்று, விளங்கா மருமமுமன்று. தேய்ந்த தகடு, பழுதான வால்வு, குறைந்த நீர் முதலிய கண்டறியத்தக்க காரணங்களின் விளைவே என்பது சங்கத்தாரின் நிலைப்பாடு. சட்டம் வற்புறுத்தாத காலத்தில் உரிமையாளர் தாமே முன்வந்து செய்த இம்முயற்சி, பொறுப்புணர்வுள்ள வணிகத் தலைமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றுவது இயல்பு.

ஆயின், மறு ஆண்டிலேயே அதே மான்செஸ்டரில் வேறொரு சங்கம் தோன்றியது. 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சுழலும் தண்டுகளையும் பட்டிகளையும் வேலியிட்டு மறைக்குமாறு விதித்திருந்தது. உயரத்திற் சுழலும் தண்டுகளுக்கும் இவ்விதி பொருந்தும் எனப் பரிசோதகர்கள் 1854 இல் வற்புறுத்தத் தொடங்கினர். பட்டியிற் சிக்கித் தண்டோடு சுழற்றப்பட்டுத் தொழிலாளர் மாண்டதும் கையிழந்ததும் பரிசோதகர் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருந்தன. இவ்விதியை எதிர்ப்பதற்காகவே 1855 இல் தொழிற்சாலை உரிமையாளர் தேசிய சங்கத்தை அமைத்தனர். பரிசோதகர் தொடுக்கும் வழக்குகளில் உறுப்பினரின் செலவை ஏற்பதற்கென, குதிரைவலு ஒன்றுக்கு 2 சிலிங் வீதம் 50,000 பவுணுக்கு மேற்பட்ட நிதி திரட்டப்பட்டது. இதனை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் எடுத்துக்காட்டியுள்ளார். பரிசோதகர் லெனாட் ஹோணர் உரிமையாளரின் கடும் பகைமைக்கு இலக்கானார். சார்ள்ஸ் டிக்கன்ஸின் இதழ் இச்சங்கத்தைக் கடுமையாகச் சாடியது. எனினும், 1856 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வேலியிடும் கடமையைத் தளர்த்தி உரிமையாளர் பக்கமே சாய்ந்தது.

ஒரே நகர், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே வர்க்கத்தினர். ஓராண்டு இடைவெளியில் ஒரு சங்கம் பாதுகாப்புக்காகவும், மற்றொன்று பாதுகாப்புக்கு எதிராகவும் தோன்றிய இம்முரண்பாட்டை உரிமையாளரின் குணவியல்பு கொண்டு விளக்குதல் இயலாது. கொதிகலன் வெடிப்பின் ஆலை தரைமட்டமாகும்; உரிமையாளரின் மூலதனம் அழியும். தண்டு ஒரு சிறுமியின் கையைப் பறிப்பின் ஆலை அன்று மாலையே மீண்டும் இயங்கும். வாயிலில் வேறொரு சிறுமி காத்துநிற்பாள். முதல் இழப்பு உரிமையாளருடையது, இரண்டாவது தொழிலாளருடையது. காவல் எங்கு அமைந்தது, எங்கு அமையவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

தொழிலாளரின் இழப்பை உரிமையாளர் கணக்கிற் சேர்க்கும் பணியைச் சட்டமும் காப்புறுதியும் சிறிது சிறிதாகவே செய்தன. 1882 ஆம் ஆண்டுக் கொதிகலன் வெடிப்புச் சட்டம், பிரித்தானியாவில் நிகழும் வெடிப்புகளை வர்த்தகச் சபை விசாரித்து அறிக்கையிட வழிசெய்தது. 1901 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைக் கொதிகலன்களைத் தகுதியுடையார் 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் சோதித்தலைக் கட்டாயமாக்கியது. ஐக்கிய அமெரிக்காவில், 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்னும் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 376 பேருக்கே அனுமதி பெற்ற அக்கப்பலில், போரின் முடிவில் வீடு திரும்பிய படைவீரர் ஈராயிரத்தளவில் ஏற்றப்பட்டிருந்தனர். தலைக்கு இவ்வளவு என அரசு பணம் கொடுத்தது. பழுதான கொதிகலன் அவசர அவசரமாக ஒட்டுப்போடப்பட்டே பயணம் தொடர்ந்தது. மறு ஆண்டில் ஹாட்பேட் நகரில் கொதிகலன் பரிசோதனை, காப்புறுதிக் கம்பனி தோன்றியது. 1905 மார்ச்சில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் புறொக்டன் நகரிலிருந்த சப்பாத்துத் தொழிற்சாலையில், பதிலாக இயக்கப்பட்ட பழைய கொதிகலன் வெடித்து 58 தொழிலாளர் மாண்டபின்னர், 1907 இல் அம்மாநிலம் கொதிகலன் விதிகளுக்கெனத் தனிச்சபை அமைத்தது. அமெரிக்கப் பொறிமுறைப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதிக்கோவை 1915 இல் வெளியாயிற்று. இலங்கையில் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் நீராவிக் கொதிகலன் பற்றிய விதிகள் இடம்பெற்றமை இந்நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியே.

திரெவிதிக்கின் ஈயச் செருகிக்கும் 1901 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. கொதிகலனை எவ்வாறு காப்பது என்னும் அறிவு தொடக்கத்திலேயே கிட்டியிருந்தது. பரிசோதகர் ஒருவர் உரிமையாளரின் விருப்பத்தைக் கேளாது, இக்கொதிகலன் இயங்கலாகாது என்று கூறும் அதிகாரமே பிந்திக் கிட்டியது.

4

கொதிகலன் உடலுழைப்பின் களத்தை மாற்றியதுபோலக் கணினி எழுதுவினைஞரின் களத்தை மாற்றியது. வணிக நிறுவனமொன்றின் அன்றாடக் கணக்கு முதன்முதலிற் கணினியில் இடப்பட்டது ஒரு தேயிலைக் கடையின் வீட்டிலேயே. தேநீர்ச்சாலைகளாற் பெயர்பெற்ற பிரித்தானிய லயன்ஸ் கம்பனி, தானே அமைத்த ‘லியோ’ கணினியில் 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்கை இயக்கியது. அதன்பின்னர், வினைஞர் பலரின் பேரேடுகளில் விரவிக் கிடந்த செய்திகள் ஓர் அறையினுட் குவியலாயின. பேரேட்டைத் திருத்தினால் மையின் தடம் எஞ்சும். காந்த நாடாவைத் திருத்தினால் எதுவும் எஞ்சாது. ஒருவர் எழுத மற்றொருவர் ஒப்புநோக்கும் பழைய அலுவலக ஒழுங்கு, அதுவரை எவரும் பெயரிட்டு அழையாத ஒரு பாதுகாப்பு முறையாக இயங்கி வந்தது. கணினி அதனைச் செலவு எனக் கருதி அகற்றிற்று.

ஆபத்தை அறிந்தோர் இல்லாமலில்லை. பலர் ஒரே கணினியைப் பகிரும் முறையின் ஆபத்துகளை வில்லிஸ் வெயர் 1967 இலேயே அமெரிக்கக் கணினி மாநாட்டில் விளக்கினார். அவரது தலைமையிலான குழு 1970 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கை இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. அரசின் இரகசியம் அரசுக்கு இழப்பாகும் பொருள். ஆதலின் படைத்துறை அதனைக் காக்க முற்பட்டது. வணிக உலகில் நிலைமை வேறு.

1973 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ‘எக்குவிற்றி பண்டிங்’ என்னும் நிறுவனத்தின் மோசடி வெளிப்பட்டது. அந்நிறுவனம் இல்லாத மனிதரின் பெயரில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களைப் புனைந்து, அவற்றை ஏனைய காப்புறுதிக் கம்பனிகளுக்கு விற்று வந்தது. புனைவுப் பத்திரங்கள் கணினிப் பதிவுகளில் ஏனையவற்றோடு கலந்து கிடந்தன. கணக்காய்வாளர் பல்லாண்டுகள் இதனைக் கண்டறியவில்லை. நிறுவனத்தின் உயர் முகாமையே குற்றவாளியாக இருந்தது. வெளியாள் புகாதவாறு அறையைப் பூட்டுவதே கணினிப் பாதுகாப்பு எனக் கருதிய காலத்தில், திறவுகோலை வைத்திருப்போரிடமிருந்து நிறுவனத்தைக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்பியது. மோசடியை வெளிப்படுத்தியவர் முன்னாள் ஊழியர் ஒருவர். அவர் கூறியதை ஆராய்ந்து பரப்பிய பங்குச்சந்தை ஆய்வாளர் றேமண்ட் டேர்க்ஸ்மீது பங்குச்சந்தை ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது 1983 இலேதான். எச்சரித்தவர் பத்தாண்டுகள் வழக்காட நேர்ந்தமை மறக்கத்தக்கதன்று.

நிறுவனத்தின் தகவற் பாதுகாப்புக்கெனத் தனியொரு தலைமைப் பதவி தோன்றிய சந்தர்ப்பமும் நோக்கத்தக்கது. 1994 இல் ருசியாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலிருந்து சிற்றி வங்கியின் பணமாற்று முறைமையினுட் புகுந்த குழுவினர், வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி டொலரை மாற்ற முயன்றனர். சுமார் 4 இலட்சம் டொலர் நீங்கலாக ஏனையது மீட்கப்பட்டது. வங்கிக்குப் பணத்தினும் பெரிய அச்சம் ஒன்றிருந்தது: பெருவாடிக்கையாளர் வேறு வங்கிகளுக்குச் சென்றுவிடுவர் என்பது. 1995 இல் ஸ்டீவ் காற்ஸ் அவ்வங்கியின் தலைமைத் தகவற் பாதுகாப்பு உத்தியோகத்தராக நியமிக்கப்பட்டார். உலகில் அப்பதவி வகித்த முதல்வர் என அவர் கருதப்படுகின்றார். மான்செஸ்டர்க் கொதிகலன் சங்கம்போலவே இப்பதவியும் உரிமையாளரின் சொந்த இழப்பு கண்ணெதிரே தோன்றியபோதே பிறந்தது.

5

இழப்பு பிறருடையதாயின் யாது நிகழும் என்பதற்கு 2017 ஆம் ஆண்டின் ‘எக்குவிபக்ஸ்’ நிகழ்ச்சி சான்றாகும். மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வங்கிகளுக்கு விற்கும் அமெரிக்க நிறுவனம் அது. அந்நிறுவனத்திடம் தகவல் குவிந்து கிடந்த பொதுமக்கள் அதன் வாடிக்கையாளரல்லர். அவர்களே அதன் விற்பனைப் பண்டம். ஆதலின் அவர்கள் சினந்து வேறிடம் செல்லவும் வழியில்லை.

அந்நிறுவனம் பயன்படுத்திய மென்பொருளொன்றின் குறைபாட்டுக்கான திருத்தம் 2017 மார்ச் 7 ஆம் திகதி வெளியாயிற்று. 48 மணித்தியாலத்துள் திருத்துமாறு உள் அறிவித்தலும் அனுப்பப்பட்டது. ஆயினும், ஒரு முறைமை திருத்தப்படாது கிடந்தது. மே மாதத்தில் அதன்வழிப் புகுந்தோர் யூலை இறுதிவரை தங்கினர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவாயின. கண்காணிப்புக் கருவியொன்றின் சான்றிதழ் 19 மாதங்களாகக் காலாவதியாகிக் கிடந்தமையால் களவு கண்ணிற் படவில்லை. பதவி விலகிய பிரதம நிறைவேற்று அதிகாரி பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சியமளிக்கையில், அறிவித்தலை உரியவருக்குச் சேர்க்கத் தவறிய ஒரு தனி ஊழியரைக் காரணமாகச் சுட்டினார். விலாங்கு பிடிக்கச் சென்ற சிறுவனை இங்கு நாம் மீண்டும் சந்திக்கின்றோம்.

2018 டிசெம்பரில் வெளியான காங்கிரஸ் குழுவின் அறிக்கை வேறொரு படத்தைத் தந்தது. பாதுகாப்புத் தலைவர் கணினிப் பகுதியின் தலைவருக்கன்றிச் சட்டப் பகுதியின் தலைவருக்குக் கீழ் வைக்கப்பட்டிருந்தார். கொள்கை வகுப்போர் ஒரு பக்கமும், பொறிகளை இயக்குவோர் மறுபக்கமுமாகப் பிரிந்திருந்தனர். பாதுகாப்புத் தலைவருக்குப் பொறுப்பு இருந்தது. பொறியை நிறுத்தும் கை அவரிடம் இருக்கவில்லை. பதவியின் பெயரை ஏற்படுத்துவதால் மட்டும் அதிகாரம் ஏற்பட்டுவிடாது என்பதற்கு இதனைவிட விளக்கம் வேண்டுமோ?

6

இனி, ஏழை நாடொன்றின் அனுபவத்தை நோக்குவோம். இதில் எமது நாடும் சிறு தொடர்புடையது.

உலக வங்கிகளுக்கிடையே கொடுப்பனவுச் செய்திகளைக் காவிச் செல்லும் ‘சுவிப்ற்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, 15 நாடுகளின் 239 வங்கிகளால் 1973 இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்டது. காலப்போக்கில் வறிய நாடுகளின் மத்திய வங்கிகளும் அதனுள் இணைந்தன. இணையாதிருத்தல் அவற்றுக்கு இயலாததுமாயிற்று. பொறியும் விதிகளும் மேலை நாடுகளில் உருவாயின. அவற்றைக் காக்கும் செலவு ஒவ்வொரு நாட்டின் தலையிலும் விடப்பட்டது.

2016 பெப்ரவரி 4 ஆம் திகதி வியாழன் இரவு, பங்களாதேஷ் வங்கியின் கணினிகளுட் புகுந்திருந்தோர், நியூயோர்க் மத்திய ஒதுக்கு வங்கியிலிருந்த அந்நாட்டுக் கணக்கிலிருந்து 95 கோடியே 10 இலட்சம் டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை அனுப்பினர். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை; சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை; திங்கள் சீனப் புத்தாண்டையொட்டி மணிலாவில் விடுமுறை. செய்திகளைத் தானாக அச்சிடும் அச்சுப்பொறி இயங்காதிருந்தது. அது வழக்கமான பழுது என்றே முதலிற் கருதப்பட்டது. ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 8 கோடியே 10 இலட்சம் டொலர் மணிலாவின் வங்கிக் கிளையொன்றுக்குச் சென்று, அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுட் கரைந்தது. பிலிப்பைன்சின் பணமோசடித் தடுப்புச் சட்டம் அக்காலத்திற் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை.

ஐந்தாவது கட்டளை 2 கோடி டொலரை இலங்கையிற் பதிவான மன்றமொன்றின் கணக்குக்கு அனுப்பியது. அது இங்கு வந்து சேராமற் போனதற்கு நுட்பமான கருவி எதுவும் காரணமன்று. மன்றத்தின் ஆங்கிலப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. இடைவழி வங்கியான டொயிச் வங்கி அதனைக் கவனித்து விளக்கம் கோரியது. கொழும்பின் பான் ஏசியா வங்கியும் இத்துணைப் பெருந்தொகை இத்தகைய கணக்கொன்றுக்கு வருதல் வழக்கமன்று எனக் கண்டு தாமதித்தது. பணம் திரும்பிச் சென்றது. சுருங்கக் கூறின், வாசிக்கத் தெரிந்த மனிதரும், வாசித்தபின் நிறுத்திவைக்கும் அதிகாரமும் ஒருங்கு அமைந்த இடத்திற் களவு நின்றது. கணினி ஒழித்த பழைய ஒப்புநோக்கும் ஒழுங்கின் எச்சமே அங்கு உதவியது எனலாம்.

விசாரணையை நடத்திய பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி, கோடிக்கணக்கான டொலரை இயக்கிய கணினிகள் பத்து டொலர் பெறுமதியான பழைய இணைப்பிகளாற் பிணைக்கப்பட்டிருந்தன எனவும், வெளியாரைத் தடுக்கும் தீச்சுவர் அமைப்பு இருக்கவில்லை எனவும் கூறினார். சுவிப்ற் அமைப்பு, தனது வலையமைப்பு உடைக்கப்படவில்லை, வாடிக்கையாளரின் கணினிகளைக் காப்பது அவர்களது கடமையே என்று முதலில் அறிவித்தது. அந்நாட்டு நிதியமைச்சருக்கே களவு பற்றி உடனடியாக அறிவிக்கப்படவில்லை. ஒரு மாதம் கழிந்தபின் செய்தி பரவியது. மார்ச் 15 ஆம் திகதி ஆளுநர் அதியூர் ரஹ்மான் பதவி விலகினார். முன்னாள் ஆளுநர் பராசுதீன் தலைமையிலான விசாரணைக்குழுவின் அறிக்கையை வெளியிடுதல் பலமுறை பிற்போடப்பட்டது.

அப்பணம் எவருடையது? பங்களாதேஷின் வெளிநாட்டு ஒதுக்கு, ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் ஆண்களும் ஈட்டியது. தீச்சுவர் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்த எவருடைய சட்டைப்பையிலிருந்தும் அது எடுக்கப்படவில்லை. இலங்காஷயர்ச் சிறுமியின் கையை ஒத்ததே அந்த இழப்பும். எனினும், ஏனைய வங்கிகளும் தமக்கு இதுவே நேரக்கூடும் என அஞ்சியபோது நிலைமை மாறியது. சுவிப்ற் 2016 மே மாதத்தில் வாடிக்கையாளர் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்து, 2017 இல் உறுப்பினர் யாவர்க்கும் கட்டாய விதிகளை வகுத்தது. வெடிப்பின் பின்னரே பரிசோதகர் வந்தார்.

7

எமது நாடு இவ்வரலாற்றின் புறத்தே நிற்கவில்லை. 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசின் கணினிச் சேமிப்பகம் பணயப்பண மென்பொருளாற் பூட்டப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் சுமார் 5,000 மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரை சேர்ந்த செய்திகள் அழிந்தன. முறைமையிலிருந்து பிரித்துவைக்கப்பட்ட பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. பயன்பட்டது 2013 ஆம் ஆண்டின் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிக் குறைபாட்டாலும் முன்னைய சபைத் தீர்மானங்களாலும் பிற்போடப்பட்டது எனப் பொறுப்பான நிறுவனமே விளக்கமளித்தது. இங்கும் அறிவு இருந்தது, எச்சரிக்கை இருந்தது. பிற்போடுதலின் விலையைப் பிற்போட்டோர் செலுத்தவேண்டிய ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை. இதே காலப்பகுதியில் எமது தனியார் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பொதுமக்களின் விபரங்களைப் பெருமளவிற் கணினிகளிற் குவித்து வந்துள்ளன. 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியமை நற்சகுனமே. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும், அதனைக்கொண்டு ஒரு பரிசோதகர் பொறியை நிறுத்துவதற்கும் இடையே இங்கிலாந்தில் எத்தனை ஆண்டு கழிந்தன என்பதை மேலே கண்டோம்.

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, இழப்பு தீர்மானம் எடுப்போரின் கணக்கைச் சேரும்போதே காவல் உண்மையாக அமைகின்றது. இழப்பு பிறரைச் சேருமிடத்து அதனை உரியவர் கணக்குக்குத் திருப்புவது சட்டத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் நிறைவேற்றிய வலையமைப்புப் பாதுகாப்பு நெறிமுறை நிறுவனங்களின் முகாமைக் குழுக்களையே பொறுப்பாளராக்கியமை இத்திசையில் ஒரு படியாகும். இரண்டாவது, காவலர் எனப்படுபவருக்குப் பொறியை நிறுத்தும் அதிகாரம் இல்லையாயின், அவர் விபத்துக்குப் பின்னர் பலியிடப்படுவதற்கென வளர்க்கப்படும் ஆடேயாவர்.

மூன்றாவது முடிபு ஓர் ஆட்சேபத்திலிருந்து எழுகின்றது. இழப்பை உரிமையாளர்மேற் சுமத்தினால் அவர் விபத்தை மறைக்க முற்படமாட்டாரா என வினவலாம். முற்படுவர் என்பதே உண்மை. எக்குவிபக்ஸ் யூலை இறுதியில் அறிந்ததைச் செப்டெம்பர் 7 ஆம் திகதியே வெளியிட்டது. டாக்காவில் ஒரு மாதம் கழிந்தது. ஆதலின், பொறுப்பும் அதிகாரமும் பகிரங்க விசாரணையோடு இணைந்தாலன்றிப் பயன் தரா. 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலையான பயன், ஒவ்வொரு வெடிப்பின் காரணமும் எழுத்தில் வெளியாகி அடுத்த பொறியியலாளரின் பாடமானமையே. மறைக்கப்படும் விபத்து எவருக்கும் பாடமாவதில்லை.

2022 இறுதியிலிருந்து, மனிதர்போல எழுதவும் விடையிறுக்கவும் வல்ல செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வணிக நிறுவனங்களுள் விரைந்து புகுந்து வருகின்றன. கடன் கோருவோரையும் வேலை கோருவோரையும் தரம்பிரிக்கும் பணிக்கு அத்தகைய பொறிகள் அமர்த்தப்படும்போது, பிழையின் இழப்பு மறுக்கப்பட்ட மனிதரையே சேர்கின்றது. அவர் பொறியின் உரிமையாளருமல்லர், வாடிக்கையாளருமல்லர். இத்தகைய பொறியை வாங்க முனையும் பணிப்பாளர் சபையிடம் தொழிற்சங்கங்களும் நுகர்வோரும் பல்கலைக்கழகத்தாரும் கேட்கவேண்டிய வினாக்கள் புதியனவல்ல. இது பிழைத்தால் இழப்பு எவருடையது? இதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் உண்டு? பிழையை எவர், எத்தனை நாட்களுள் மக்களுக்கு அறிவிப்பர்? கொதிகலன் காலத்தில் இவ்வினாக்களுக்கு விடை பெற ஒரு நூற்றாண்டும் எண்ணற்ற உயிர்களும் வேண்டியிருந்தன. பொறி வாங்கப்படுவதற்கு முன்னரே அவற்றை எழுப்புவதும், எழுத்தில் விடை கோருவதும், அவ்வரலாற்றை அறிந்த எமது கடமையாகும்.